சேலத்தில் இருந்துகொண்டு கடல் நீச்சலா? எங்கள் குழுவைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்குக் கன்னங்குறிச்சிப் பக்கம் டீக்கடையில் ஈரத் தலையோடு பத்துப் பன்னிரண்டு பேர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது நாங்கள்தான். டீக்கடையிலும், கல்யாண வீட்டிலும், பஸ்ஸிலும் எங்களிடம் கேட்கிற கேள்விகளுக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்த பதிலை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். சேர நினைப்பவர்கள் முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள்.

கடலே இல்லாத ஊரில் கடல் நீச்சல் குழு எதற்கு?

கடல் இல்லாததால்தான் குழு. கடற்கரை ஊரில் பிறந்தவர் நினைத்த நேரம் போய்க் காலை நனைத்துக்கொள்ளலாம். நமக்கு ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை தாண்டி சுமார் 200 கிலோமீட்டர் போனால்தான் உப்புத் தண்ணீர். வேன் பிடிக்க வேண்டும், லீவு போட வேண்டும், போகிற இடத்தில் படகுக்காரரிடம் பேசி வைக்க வேண்டும். தனி ஆளாகச் செய்து முடிக்கிற காரியம் இல்லை. அதனால் சேர்ந்தோம்.

வருடத்தில் மூன்று நான்கு தடவை கடலுக்குப் போகிறோம். மீதி நாட்கள் முழுக்க அதற்கான தயாரிப்பு.

அந்த மீதி நாட்களில் எங்கே நீந்துகிறீர்கள்?

கிணற்றில். சேர்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு தோட்டத்துக் கிணறு. கல் கட்டிய சதுரக் கிணறு, ஒரு பக்கம் 40 அடி. மார்கழியில் 25 அடி தண்ணீர் நிற்கும், சித்திரை கடைசியில் 8 அடிக்கு இறங்கிவிடும். சுவரை ஒட்டி ஒரு சுற்று வந்தால் ஏறக்குறைய 45 மீட்டர். 22 சுற்று போனால் ஒரு கிலோமீட்டர். முதலில் வலம் பதினொன்று, பிறகு இடம் பதினொன்று. ஒரே பக்கம் சுற்றினால் ஒரு தோள் மட்டும் வேலை செய்து கடலில் கோணலாகப் போவோம் என்பதால் இந்த ஏற்பாடு.

படிக்கட்டில் தண்ணீரைத் தொடும் படிக்கு மேல் இரண்டு படி எப்போதும் பாசி பிடித்திருக்கும். புதிதாக வருகிறவர் அங்கே வழுக்குவார் என்று தெரிந்து யாராவது ஒருவர் கீழே நின்று கை நீட்டுவார். இறங்கியதும் முதல் பத்து நிமிடம் பேச்சே இருக்காது. கிணற்றுக்குள் குரல் எதிரொலிப்பதால் கிசுகிசுத்தால்கூட எல்லோருக்கும் கேட்கும். மேலே வேப்ப மரத்தில் மீன்கொத்தி வந்து உட்காரும். எத்தனை பேர் இருந்தாலும் அது தன் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் போகும்.

ஏற்காடு ஏரி, மேட்டூர் அணை, மூக்கனேரி எல்லாம் இருக்கும்போது கிணறு ஏன்?

ஏற்காடு ஏரி படகு விடுகிற ஏரி. அங்கே நீந்துவதற்கு இடமில்லை, நாங்கள் முயற்சி செய்ததும் இல்லை. ஏற்காட்டுக்கு வேறு வேலையாகப் போகிறோம். மாதம் ஒரு தடவை அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் சைக்கிள் மிதித்து ஏறுகிறோம். 1,500 மீட்டர் உயரத்துக்கு மூச்சு வாங்கி ஏறிப் பழகிய நெஞ்சு, கடலில் அலை முகத்தில் அடிக்கும்போது அவ்வளவு சீக்கிரம் பதறாது.

மேட்டூரைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன்: அணையிலோ, அதற்குக் கீழே காவிரியிலோ எங்கள் குழு இறங்காது. மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீர் மதகு திறந்த சில நிமிடங்களில் வேறு தண்ணீராகிவிடும். 1934ல் அணை கட்டி முடித்தபோது ஊர்களே உள்ளே போய்விட்டன. நீர்மட்டம் நன்றாகக் குறையும் கோடையில் பண்ணவாடிப் பக்கம் நந்தி தலை தூக்குவதைப் பார்க்கப் பலர் போவார்கள். கல்லும் கட்டடமும் அடியில் இருக்கிற நீர்த்தேக்கம் அது. பார்க்கப் போங்கள், இறங்க வேண்டாம்.

மூக்கனேரி பறவைகளுக்கு இருக்கட்டும்.

குழுவில் யார் யார் இருக்கிறீர்கள்?

இப்போது 19 பேர். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்குப் பற்றவைக்கும் பொடி வைக்கிற அண்ணன் ஒருவர், பள்ளிக்கூட வாத்தியார் இரண்டு பேர், ஒரு நர்ஸ் அக்கா, வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா, காலேஜ் பசங்க நான்கு பேர், அரசு பஸ் டிரைவர் ஒருவர். நான் ஜவ்வரிசி வியாபாரக் கணக்கு எழுதுகிறவன்.

மாமாதான் மூத்தவர், 67 வயது. அவர் சின்ன வயதில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு நீந்தப் பழகியவர். இன்றைக்கும் புதுப் பையன்களுக்கு டியூப் வேண்டாம், சுரைக்குடுக்கைதான் என்பார். காரணமும் சொல்வார்: டியூப் மேலே தூக்கிப் பிடித்துக்கொள்ளும், ஆள் சும்மா தொங்குவான். குடுக்கை முதுகை மட்டும் தாங்கும், கையும் காலும் தானாக வேலை செய்தாக வேண்டும். காய்ந்த சுரைக்காய் கிடைப்பதுதான் இப்போது சிரமம். அவரே கொல்லையில் கொடி போட்டு வருடத்துக்கு நான்கைந்து முற்ற விட்டு எடுத்து வைக்கிறார்.

யார் எந்தத் தெரு, என்ன ஆட்கள் என்று இங்கே கேட்பதில்லை. எந்தக் கிணற்றில் யார் இறங்கலாம் என்று கணக்கு வைத்திருந்த ஊர்கள்தான் நம்முடையவை. முதலில் நாங்கள் நீந்திய கிணற்றின் சொந்தக்காரர் ஒருநாள், எங்களில் இரண்டு பேரை மட்டும் குறிப்பிட்டு, "அவங்களைக் கூட்டிக்கிட்டு வராதீங்க" என்றார். அன்றைக்கே எல்லோரும் துணியை எடுத்துக்கொண்டு மேலே ஏறிவிட்டோம். ஆறு மாதம் கிணறு இல்லாமல் அலைந்தோம். இப்போதைய தோட்டக்காரர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மோட்டார் ஓடும்போது மட்டும் இறங்காதீங்க."

கிணற்றில் நன்றாக நீந்துவேன். கடலுக்கு வரலாமா?

வரலாம், ஆனால் நேராக இல்லை. கிணற்று நீச்சலுக்கும் கடல் நீச்சலுக்கும் என்ன வித்தியாசம் என்று முதல் தடவை போகிறவருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது, இருந்தாலும் சொல்கிறேன்.

நல்ல செய்தி முதலில். கடல் ஆளைத் தூக்கும். ஒரு லிட்டர் கடல் நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு இருக்கிறது, அதனால் கிணற்றுத் தண்ணீரைவிடக் கனமான தண்ணீர் அது. கால் மேலே வரும், மல்லாக்கப் படுத்தால் தானாக மிதப்பீர்கள்.

கெட்ட செய்தி, பிடிக்கச் சுவர் இருக்காது. கிணற்றில் எவ்வளவு களைத்தாலும் 20 அடியில் ஒரு கல் கைக்குக் கிடைக்கும் என்று உடம்புக்குத் தெரியும். கடலில் அந்தத் தைரியம் போய்விடும், மூச்சு மேலே ஏறும். எங்களில் நன்றாக நீந்துகிற வாத்தியார் ஒருவர் முதல் நாள் கரையிலிருந்து 30 மீட்டர் தாண்டியதும் நின்றுவிட்டார். கை கால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அடியில் ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் பயம். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: மல்லாக்கத் திரும்பி, காதைத் தண்ணீருக்குள் விட்டு, பத்து மூச்சு எண்ணுவது. கூட வந்தவரும் பக்கத்தில் மல்லாக்கப் படுத்துக்கொள்வார். சில சமயம் இரண்டு பேர் வானத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே ஐந்து நிமிடம் கிடப்பார்கள். பதற்றம் இறங்கினால் போவார்கள், இல்லாவிட்டால் திரும்புவார்கள். திரும்பியவரை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இன்னொன்று, திசை. கிணற்றில் சுவர் வழிகாட்டும். கடலில் ஆறேழு கைவீச்சுக்கு ஒரு தடவை தலையை நிமிர்த்திக் கரையில் ஏதாவது ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: தண்ணீர்த் தொட்டி, கோயில் கோபுரம், செல்போன் டவர். கிணற்றிலேயே இதைப் பழக்குகிறோம், வேப்ப மரம்தான் கோபுரம்.

அலை உடைகிற இடத்தில் அலையோடு மல்லுக்கட்டக் கூடாது, அதற்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் வர வேண்டும். நீரோட்டம் உள்ளே இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதைவிட்டு வெளியே வந்த பிறகு கரை பக்கம் திரும்ப வேண்டும். இவ்விரண்டும் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். கேட்போம்.

ஏன் எப்போது பார்த்தாலும் ஆளை எண்ணிக்கொண்டே இருக்கிறீர்கள்?

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். கிணற்றில் இறங்கும்போது எண்ணிக்கை, ஏறும்போது எண்ணிக்கை, வேனில் எண்ணிக்கை, டீக்கடையில்கூட எண்ணிக்கை.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு பிப்ரவரி மாதம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் ஒரு குப்பத்துக்கு எதிரே 14 பேர் இறங்கினோம். அன்றைக்கு ஜோடி பிரித்தபோது கொலுசு அண்ணன் என் பங்கு. அவர் நிதானமாக நீந்துவார். திரும்பும்போது கரை கண்ணுக்குத் தெரிந்ததும் இனி என்ன என்று நான் வேகம் பிடித்து முன்னால் வந்துவிட்டேன். கரையில் எங்கள் கரைக்காரம்மா எண்ணச் சொன்னார். எப்போதும்போல ஒவ்வொருவராக எண்ணைக் கத்தினோம். பதின்மூன்று வந்தது. பதினான்கு வரவில்லை.

அந்த அமைதியை என்னால் எழுத முடியாது. எல்லோரும் திரும்பிக் கடலைப் பார்க்கிறார்கள், ஆரஞ்சு மிதவை எதுவும் தெரியவில்லை. நான் மறுபடி இறங்கப் போனேன், மாமா என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். "நீ போனா எண்ணிக்கை பன்னெண்டு ஆகும்." படகுக்கார அண்ணன் மட்டும் பதறவில்லை. மணலை ஒரு பிடி அள்ளித் தண்ணீரில் தூவிப் பார்த்துவிட்டு, "தண்ணி வடக்க போவுது, ஆளும் வடக்கதான் இருப்பாரு" என்று படகைத் தள்ளினார். ஐப்பசி கார்த்திகையில் நம் கரையோரம் தெற்கே ஓடுகிற நீரோட்டம், தை மாசியில் வடக்கே திரும்பிவிடும். நாங்கள் எல்லோரும் படித்தவர்கள், அது எங்களில் ஒருவருக்கும் அப்போது தெரியாது.

நாற்பது நிமிடம். கொலுசு அண்ணன் வடக்கே முக்கால் கிலோமீட்டர் தள்ளிக் கரை ஏறி, வெறுங்காலோடு சுடு மணலில் நடந்து வந்துகொண்டிருந்தார். ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறார். கிட்டே வந்ததும் யாரையும் பார்க்காமல், உப்பில் கரகரத்த தொண்டையோடு "பதினாலு" என்றார். நர்ஸ் அக்கா அழுதுவிட்டார். நான் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை, "துண்டு குடுப்பா" என்றார்.

அன்றிலிருந்து மூன்று விதிகள். ஜோடியில் மெதுவாக நீந்துகிறவர் எப்போதும் முன்னால், வேகமானவர் பின்னால். ஜோடியில் ஒருவர் ஏறினால் இருவரும் ஏற வேண்டும். எண்ணிக்கை முழுதாக வரும்வரை யாரும் துண்டைத் தொடக் கூடாது, டீ குடிக்கக் கூடாது. அண்ணனுக்கு இன்றுவரை ஜோடி நான்தான். நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நான் ரொம்ப மெதுவாக நீந்துவேன். மற்றவர்களுக்கு இடைஞ்சலாக இருக்காதா?

மேலே சொன்னதைப் படித்தீர்கள் அல்லவா? உங்கள் வேகம்தான் அன்றைக்குக் குழுவின் வேகம். வேகமாகப் போக ஆசைப்படுகிறவர்களுக்கு நீச்சல்குளமும் போட்டிகளும் இருக்கின்றன. எங்கள் காலேஜ் பசங்க அங்கேயும் போகிறார்கள், பதக்கமும் வாங்கி வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்தால் மாமாவுக்குப் பின்னால் தவளை நீச்சலில் வருவார்கள்.

பெண்கள் வரலாமா? என்ன உடுத்த வேண்டும்?

19 பேரில் 7 பேர் பெண்கள். கிணறு காலை ஐந்தரை முதல் ஆறரை வரை அவர்களுக்கு மட்டும், பிறகு எல்லோருக்கும். விரும்பினால் இரண்டாவது நேரத்திலும் தொடரலாம், தொடர்கிறார்கள். உடம்போடு ஒட்டிய லெகிங்ஸ், முழுக்கை டீ-ஷர்ட் போதும். நைட்டி, துப்பட்டா, பாவாடை கூடாது. கூச்சத்துக்காக அவற்றோடு இறங்கிக் கால் சிக்கிக்கொண்டவர்களை நர்ஸ் அக்கா தன் வேலையில் பார்த்திருக்கிறார், அதனால் இந்த விஷயத்தில் அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. உடை மாற்ற மோட்டார் ரூம் இருக்கிறது, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுத் தந்திருக்கிறார் தோட்டக்காரர்.

என் சொந்தக் கருத்து ஒன்று. நம் பக்கம் பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தராமல் விட்டுவிட்டு, ஏரிக்குத் துணி துவைக்கவும் தண்ணீர் எடுக்கவும் மட்டும் அனுப்பினோம். ஒருவர் வழுக்கி விழ, காப்பாற்றப் போன அடுத்தவரும் மூழ்கிய செய்தியை எத்தனை தடவை படித்துவிட்டோம். பெண் குழந்தையைக் கூட்டி வருகிற அப்பா அம்மாவுக்கு இங்கே முதல் மரியாதை.

கடலுக்கு எந்த மாதங்களில் போகிறீர்கள்?

தை கடைசியிலிருந்து பங்குனி கடைசி வரை. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை புயல் காலம், அந்தப் பக்கமே போவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. எங்களுக்குத் துணை வருவது சின்னப் படகு, ஆனாலும் அந்தக் காலத்தில் குப்பத்துக்காரர்கள் வலை பின்னுவதும் படகு பழுது பார்ப்பதுமாக இருப்பார்கள். அவர்களைத் தொந்தரவு செய்வதில்லை. முந்தின நாள் மாலையே ஊர்ப் பெரியவர்களிடமும் கடலோரக் காவல் நிலையத்திலும் சொல்லிவிடுவோம். படகுக்கார அண்ணன் காலையில் தண்ணீரைப் பார்த்து "வேணாம்" என்றால் வேண்டாம்தான். இரண்டு தடவை 200 கிலோமீட்டர் போய், கரையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுத் திரும்பியிருக்கிறோம்.

சொறி கடித்தால்?

சொறி என்று மீனவர்கள் சொல்வது இழுதுமீனை. பட்ட இடம் நெருப்புப் பட்டதுபோல் எரியும். மணல் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள், இரண்டுமே எரிச்சலைக் கூட்டும். கடல் நீரிலேயே அலசி, ஒட்டியிருக்கும் இழைகளைச் சின்ன இடுக்கியால் மெதுவாக எடுத்துவிட்டு, தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீர் விட வேண்டும். மூச்சுத் திணறல், நெஞ்சு இறுக்கம் என்றால் உடனே 108.

மூச்சடக்கும் போட்டி, கிணற்று மேட்டிலிருந்து தலைகீழாகக் குதிப்பது, ஒரு பீர் அடித்துவிட்டு இறங்குவது?

மூன்றும் கிடையாது. மூச்சை அடக்கி அடியில் கிடப்பவர் சத்தமில்லாமல் மயங்கிவிடுவார், பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது. சித்திரையில் 8 அடித் தண்ணீரில் தலைகீழாகக் குதித்தால் கழுத்து போகும். மூன்றாவதற்கு விளக்கம் தேவையில்லை.

யாராவது மூழ்கினால் என்ன செய்வீர்கள்?

பின்னாலேயே குதிக்க மாட்டோம். முதலில் எறிவோம்: கயிறு, மிதவை, காலி கேன், சேலை, வேட்டி, எது கையில் இருக்கிறதோ அது. கிணற்று மேட்டில் முடிச்சுப் போட்ட கயிறு எப்போதும் தொங்கும், அதைத் துணி காயப்போட எடுத்தால் மாமாவுக்குக் கோபம் வரும்.

மேலே கொண்டுவரப்பட்டவரின் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது எல்லாம் நேரத்தை வீணாக்கும், ஆபத்தும்கூட. மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று ஆம்புலன்ஸ் வரும்வரை தொடர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நர்ஸ் அக்கா ஒரு தலையணையை வைத்து எல்லோரையும் செய்யச் சொல்வார். அன்றைக்கு வராதவர் அடுத்த கடல் பயணத்தில் கிடையாது.

பாக் நீரிணையைக் கடக்கும் எண்ணம் உண்டா?

ஆசை இல்லாமல் இருக்குமா? தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி சுமார் 30 கிலோமீட்டர். 1966ல் மிஹிர் சென் அதை 25 மணி 36 நிமிடத்தில் நீந்தினார். நம் பக்கத்து ஈரோட்டைச் சேர்ந்த குற்றாலீஸ்வரன் 1994ல், 12 வயதில் கடந்தார். அதே ஆண்டில் மொத்தம் ஆறு நீரிணைகளையும் கால்வாய்களையும் நீந்தி, ஒரே ஆண்டில் ஐந்து என்ற மிஹிர் சென்னின் சாதனையைத் தாண்டினார். எங்கள் வாத்தியார் அந்தச் செய்தியைச் சின்ன வயதில் கேட்டுத்தான் முதன்முதலாக ஒரு கிணற்றில் குதித்திருக்கிறார்.

காலேஜ் பசங்க நான்கு பேர் தொடர் நீச்சலாக, மாற்றி மாற்றி நீந்திக் கடக்கத் தயாராகிறார்கள். அனுமதி, படகு, செலவு எல்லாம் பெரிய வேலை. அவர்கள் போகும்போது படகில் எண்ணுவதற்குக் கரைக்காரம்மாவும் போவார் என்பது மட்டும் முடிவாகிவிட்டது.

யார் அந்தக் கரைக்காரம்மா? எனக்கு நீந்தவே தெரியாது, நான் வந்து என்ன செய்வது?

இரண்டுக்கும் ஒரே பதில். கரைக்காரம்மாவுக்கு நீந்தத் தெரியாது. முழங்கால் தண்ணீர்கூட அவருக்குப் பயம். 31 வருடம் அங்கன்வாடியில் வேலை பார்த்தவர், மகன் நீந்த வருவதால் துணைக்கு வந்து உட்கார்ந்தார். முதல் நாளே, "இத்தனை பேர் உள்ள இருக்கீங்க, யாரு கணக்கு வெச்சிருக்கா?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. அடுத்த வாரம் நாற்பது பக்க நோட்டோடு வந்தார். இறங்குகிற வரிசையில் பெயர், நேரம், ஜோடி. ஏறினால் பெயருக்கு நேரே ஒரு டிக். இப்போது ஆறாவது நோட்டு ஓடுகிறது.

அன்றைக்குப் பதினான்கு வரவில்லை என்று முதலில் கண்டுபிடித்தது அந்த நோட்டுதான். நாங்கள் கத்தி எண்ணுவதற்கு முன்பே அவர் எழுந்து நின்றுவிட்டார்.

நீந்தத் தெரியாதவர்களுக்கு இங்கே நிறைய வேலை இருக்கிறது. கயிறு பார்க்க, படகில் உட்கார, வேனில் டிரைவர் தூங்காமல் பேச்சுக் கொடுக்க. கற்றுக்கொள்ள விரும்பினால் மாமாவிடம் சுரைக்குடுக்கை இருக்கிறது.

கட்டணம் எவ்வளவு?

கட்டணம் கிடையாது. கடல் பயணத்தின் வேன் வாடகை, டீசல், படகுக் கூலி எல்லாவற்றையும் போகிறவர்கள் சமமாகப் பங்கிட்டுக்கொள்வோம். படிக்கிற பிள்ளைகளின் பங்கைச் சம்பாதிக்கிறவர்கள் போட்டுக்கொள்வோம். தோட்டக்காரர் பணம் வாங்க மறுப்பதால் வருடத்துக்கு ஒருமுறை கிணற்றைத் தூர்வாரிக் கொடுக்கிறோம். படகுக்கார அண்ணன் வீட்டுக்கு மாம்பழ சீசனில் ஒரு கூடை சேலம் குண்டு போகும். அவர் கருவாடு கொடுத்தனுப்புவார்.

எப்படிச் சேருவது?

ஞாயிறு காலை ஆறரைக்குள் வாருங்கள். பெண்கள் ஐந்தரைக்கு. துண்டு; மாற்றுத் துணி; இதய நோய், வலிப்பு, காதில் சீழ் போன்ற எதுவும் இருந்தால் அதைப் பற்றிய உண்மை, இவை மூன்றும் வேண்டும். முதல் நான்கு வாரம் கிணறு மட்டும். சாப்பிட்டுவிட்டு வராதீர்கள், முடிந்ததும் டீக்கடைக்குப் பக்கத்தில் தட்டுவடை செட் உண்டு. வந்ததும் வேப்ப மரத்தடியில் நோட்டோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் பெயர் சொல்லுங்கள். அவர் எழுதி முடித்துத் தலையை அசைத்த பிறகு படி இறங்குங்கள். பாசி இருக்கும், கீழே நிற்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.